வெளிநாட்டு சிம் போட்டும் போன் போகவில்லையா? கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர் தோட்டப்பாளையத்தில் 1990-களில் மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் நடத்தினேன். இன்றைக்கு அதே இடத்தில் ரீசார்ஜ், சிம், செல்போன் சர்வீஸ். அப்போது மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு பக்கத்திலிருந்து வரும் அம்மாக்கள் சவுதி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, பர்சுக்குள் நாலாக மடித்து வைத்து எடுத்து வருவார்கள். இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்கள்: "அண்ணா, புது சிம் போட்டுட்டேன், வீட்டுக்குப் போகவே மாட்டேங்குது." பாதிக்கு மேல் அன்றைய கேள்விதான்: முன்னால் எத்தனை ஜீரோ போடணும்?

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். உங்கள் போனில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். என் கடைக்கு வரும் கோளாறுகளில் நிறைய அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

நம் ஊர் லேண்ட்லைனையே எடுத்துக்கொள்வோம். வேலூருக்கு 0416, அப்புறம் ஏழு இலக்கம். இதில் 416 தான் வேலூர். முன்னால் உள்ள ஜீரோ எந்த ஊருக்கும் சொந்தமில்லை. "இந்த அழைப்பு வெளியூருக்குப் போகிறது" என்று இங்குள்ள எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் குறி அது. நீங்கள் துபாயில் நின்று அடிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பது துபாய் எக்ஸ்சேஞ்ச். நம் ஜீரோ அங்கே செல்லாது. ஜீரோவை எடுத்துவிட்டு இந்தியாவின் 91-ஐ முன்னால் வைக்க வேண்டும்: 91, 416, ஏழு இலக்கம்.

ராணிப்பேட்டைக்கு 4172, குடியாத்தத்துக்கு 4171, வாணியம்பாடிக்கு 4174. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், இந்தக் குறியீடுகள் மாறவில்லை. சரியா தப்பா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு: 91-க்குப் பிறகு பத்து இலக்கம் இருக்க வேண்டும். 416-க்குப் பின் ஏழு, 4172-க்குப் பின் ஆறு, செல்போன் என்றால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து. ஒன்பதோ பதினொன்றோ வந்தால் எண்ணில்தான் தப்பு. போனைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

91-க்கு முன்னால் "நாட்டைவிட்டு வெளியே போகிறேன்" என்று சொல்லும் குறி இன்னொன்று வேண்டும். இந்தியாவிலும் வளைகுடாவிலும் பிரிட்டனிலும் அது 00. அமெரிக்கா, கனடாவில் 011. ஆஸ்திரேலியாவில் 0011. இதை யார் மனப்பாடம் செய்வது? அதற்குத்தான் + குறி. செல்போனில் + போட்டால் எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக் குறியை நெட்வொர்க்கே போட்டுக்கொள்ளும். டயல் பேடில் ஜீரோவைப் பாருங்கள், அதன் கீழே சின்னதாக ஒரு + இருக்கும். ஜீரோவை அழுத்தியபடி ஒரு நொடி வைத்திருந்தால் ஜீரோ + ஆக மாறும். இதைக் கையைப் பிடித்துக் காட்டினால்தான் சிலருக்கு நம்பிக்கை வருகிறது. பட்டன் போன் சிலவற்றில் * விசையை இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கும்.

"ஊருக்கு அடித்தால் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்கிறது"

புது சிம் நன்றாக இருக்கிறது, உள்ளூரில் பேச முடிகிறது, ஊருக்கு மட்டும் போகவில்லை. இப்படி இருந்தால் காரணம் பெரும்பாலும் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் விதம்தான். அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரையும் இங்கே இருக்கும்போது வெறும் பத்து இலக்கமாகவோ முன்னால் ஜீரோ போட்டோ சேமித்திருப்பீர்கள். சிங்கப்பூர் சிம்மில் அந்தப் பத்து இலக்கத்தை அடித்தால் சிங்கப்பூர் எண் என்றுதான் நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும். அங்கே எண்ணே எட்டு இலக்கம். அது எங்கே போகும்?

தொடர்புப் பட்டியலைத் திறந்து முக்கியமான எண்கள் எல்லாவற்றையும் +91 போட்டுத் திருத்துங்கள். இதை ஊரிலேயே செய்துவிட்டுப் போவது நல்லது. +91 போட்ட எண் இந்தியாவிலும் வேலை செய்யும், கூடுதல் காசும் இல்லை. காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போகிற இரண்டு மணி நேரத்தில் ஐம்பது எண்ணைத் திருத்தி முடிக்கலாம். புது எண்ணில் புதிதாக வாட்ஸ்அப் தொடங்கியவர்கள் "ஊர் ஆட்கள் ஒருத்தர் பெயரும் பட்டியலில் தெரியவில்லை" என்று பதறுவதும் இதனால்தான். +91 போட்டதும் பெயர்கள் வந்துவிடும்.

"ஊரிலிருந்து என் புது எண்ணுக்கு அடித்தால் போகவில்லை"

இங்கே கோளாறு இரண்டு பக்கமும் இருக்கலாம்.

ஒன்று, நீங்கள் எண்ணைக் கொடுத்த விதம். துபாயில் கடைக்காரர் 05 என்று தொடங்கும் எண்ணை எழுதிக் கொடுப்பார். அது அங்கேயே அடிப்பதற்கான வடிவம். ஊருக்குச் சொல்லும்போது அந்த ஜீரோவை எடுத்துவிட்டு +971 5 என்று சொல்ல வேண்டும். சவுதியில் 05 என்பது +966 5 ஆகும். பிரிட்டனில் 07 என்பது +44 7. மலேசியாவில் 01 என்பது +60 1. சிங்கப்பூர் (+65), குவைத் (+965), கத்தார் (+974), ஓமன் (+968), பஹ்ரைன் (+973) இவற்றில் எட்டு இலக்கம்தான், முன்னால் ஜீரோவே கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் +1 போட்டுப் பத்து இலக்கம். அங்கே செல்போன் எண்ணுக்கும் லேண்ட்லைன் எண்ணுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விதிவிலக்காக நான் கண்டது இத்தாலி: லேண்ட்லைனின் ஜீரோவை எடுக்கக் கூடாது, +39-க்குப் பிறகும் அது இருக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இத்தாலியோடு பேச்சுவார்த்தை இருக்கும், அவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டு, ஊரில் இருப்பவர் போன். சாதாரண அன்லிமிடெட் ரீசார்ஜில் வெளிநாட்டு அழைப்பு சேராது. ஐ.எஸ்.டி. வசதி திறந்திருக்க வேண்டும், அதற்குத் தனி பேலன்ஸோ பேக்கோ இருக்க வேண்டும். "அன்லிமிடெட் போட்டிருக்கேனே தம்பி" என்று அம்மாக்கள் கேட்பார்கள். அந்த அன்லிமிடெட் இந்தியாவுக்குள்தான். சின்ன ஐ.எஸ்.டி. பேக் போட்டுக் கொடுங்கள், அல்லது "நீங்க மிஸ்டு கால் குடுங்க, நான் கூப்பிடறேன்" என்று பழக்காமல் வாட்ஸ்அப் அழைப்பைப் பழக்குங்கள். மிஸ்டு காலும் ஐ.எஸ்.டி. திறந்திருந்தால்தான் போகும்.

"சிம் போட்டேன், டவரே இல்லை"

வரிசையாகப் பாருங்கள். போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். சிம்மைக் கழற்றி அடுத்த ஸ்லாட்டில் போடுங்கள். நெட்வொர்க் தேர்வு தானியங்கியில் இருக்கிறதா பாருங்கள். சிம் பதிவு முடிந்துவிட்டதா என்று வாங்கிய கடையில் கேளுங்கள், சில நாடுகளில் ஆவணம் சரிபார்த்து எண் உயிர்பெறச் சில மணி நேரம் ஆகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் டவர் இல்லை என்றால் போனே அந்த நாட்டுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. சிங்கப்பூர் 2017-லேயே 2ஜி-யை நிறுத்திவிட்டது, 2024-ல் 3ஜி-யும் போய்விட்டது. மலேசியாவில் 3ஜி 2021 கடைசியில் முடிந்தது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022-ல் 3ஜி-யை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூடினார்கள், அதோடு அவசர எண் 000-க்குப் பேச முடியாத போன்களை நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது என்று விதியும் உண்டு. இந்த ஊர்களில் பெரும்பாலும் பேச்சும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு வோல்டி வசதி வேண்டும், அதுவும் அந்த நிறுவனம் உங்கள் மாடலை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இன்டர்நெட் வேலை செய்கிறது, பேச மட்டும் முடியவில்லை என்றால் இதுதான் முதல் சந்தேகம். செட்டிங்கில் வோல்டியை ஆன் செய்து பாருங்கள், போனை அப்டேட் செய்யுங்கள். பேரன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போகும் தாத்தா, பாட்டிக்குப் பழைய பட்டன் போனைக் கொடுத்து அனுப்பாதீர்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் அது வெறும் டார்ச் லைட்தான்.

இதற்கு நேர்மாறாகப் பேச முடிகிறது, இன்டர்நெட் மட்டும் வரவில்லை என்றால் ஏ.பி.என். அமைப்பைப் பாருங்கள். நிறுவனத்தின் இன்டர்நெட் வழிக்கு வைத்த பெயர் அது, போன் செட்டிங்கில் இருக்கும். சிம் அட்டையோடு வரும் காகிதத்தில் அந்தப் பெயர் இருக்கும், அப்படியே எழுத்து மாறாமல் போட வேண்டும்.

"கடையில் சிம் தர மாட்டேன் என்கிறார்கள்"

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். பிரிட்டனில் ப்ரீபெய்டு சிம்மைக் கடையில் சாக்லேட் வாங்குவது மாதிரி எடுத்துக்கொண்டு வரலாம். ஜெர்மனியில் 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டுக்கும் அடையாளச் சான்று காட்டியாக வேண்டும். சிங்கப்பூரில் பாஸ்போர்ட் அல்லது வேலை அனுமதி அட்டை வேண்டும், ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்டுக்கு மேல் கிடைக்காது. சவுதியில் கைரேகை வைக்க வேண்டும். எமிரேட்ஸில் குடியிருப்பு விசாக்காரருக்கு எமிரேட்ஸ் ஐடி.

வேலைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இறங்கிய அன்று பாஸ்போர்ட்டை வைத்து விமான நிலையத்தில் சுற்றுலா சிம் கிடைக்கும், கையில் எண் வந்துவிட்டது என்ற நிம்மதியில் அதையே கம்பெனிக்கும் வங்கிக்கும் கொடுத்துவிடுவார்கள். சுற்றுலா எண்ணுக்கு ஆயுள் கொஞ்ச நாள்தான். அது முடிந்ததும் சம்பளக் கணக்கின் ஓடிபி எங்கோ காற்றில் போய்க்கொண்டிருக்கும். சவுதியில் அப்ஷர், எமிரேட்ஸில் யுஏஇ பாஸ் மாதிரியான அரசுச் செயலிகள் எல்லாம் உங்கள் பெயரில் பதிவான உள்ளூர் எண்ணைச் சுற்றித்தான் ஓடுகின்றன. ஆகவே முதல் சில வாரம் சுற்றுலா சிம்மில் ஓட்டுங்கள், இக்காமாவோ (சவுதி குடியிருப்பு அட்டை) எமிரேட்ஸ் ஐடியோ கைக்கு வந்ததும் அதே எண்ணை நிரந்தரமாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் மாற்றுங்கள். முடியாது என்றால் புது எண் வாங்கியபின் மட்டும் வங்கிக்குப் போங்கள்.

அறைத் தோழர் பெயரில் உள்ள சிம்மை வாங்கிப் போட்டுக்கொள்வதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஊருக்குத் திரும்பும்போது இணைப்பை வெட்டிவிட்டுத்தான் போவார், அன்றைக்கு உங்கள் எண் போய்விடும். அதேபோல், புறப்படும்போது யாராவது நாலைந்து இந்திய சிம்மைக் கொடுத்து "அங்க ஒருத்தர் வந்து வாங்கிப்பார்" என்றால் தொடாதீர்கள். மோசடிக் கும்பலுக்கு அப்படித்தான் சிம் போகிறது. பிடிபடுவது எடுத்துக்கொண்டு போன பிள்ளைதான்.

"இ-சிம் வாங்கினேன், நெட் வருகிறது, ஆனால் எண்ணே இல்லை"

கோளாறு இல்லை. இ-சிம் என்றால் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம். பயணத்துக்கென்று இணையத்தில் விற்கும் இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். அதில் அழைப்பும் வராது, எஸ்.எம்.எஸ்ஸும் வராது. பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது போதும், மலிவும்கூட. அங்கே வீடு எடுக்க, வங்கிக் கணக்கு திறக்க, மருத்துவரிடம் நேரம் வாங்க எண் வேண்டும். வாங்கும்போது "அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் உண்டா, எண் தருவீர்களா" என்று பார்த்து வாங்குங்கள்.

இ-சிம்மில் இன்னொரு ஆபத்து. அந்த க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரு முறைதான் வேலை செய்யும். "சரியா வரலை, அழிச்சிட்டு மறுபடி போடலாம்" என்று போனிலிருந்து அழித்துவிட்டால் அவ்வளவுதான், திரும்ப நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கோளாறு என்றால் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், அழிக்காதீர்கள். ஏற்றும்போது வைஃபை வேண்டும், ஆகவே புறப்படும் முன் வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் 14-வது மாடலிலிருந்து சிம் தட்டே கிடையாது. அங்கிருக்கும் மாமா அன்போடு வாங்கி அனுப்பிய போனில் இங்கே சிம் போட இடம் தேடி என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

"வங்கி ஓடிபி வரவில்லை"

இதைத்தான் நான் நீளமாகச் சொல்லப் போகிறேன். மற்ற கோளாறெல்லாம் ஒரு நாள் தொல்லை. இது பணத்தை நிறுத்திவிடும்.

என் அக்கா மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனான். அங்கே நல்ல எண் வாங்கினான், எல்லாம் அதிலேயே நடந்தது. ஊர் சிம்மைக் கழற்றி ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்தான். பத்திரமாக வைத்ததால் எண் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிட்டான். ஏழு மாதம் கழித்து அடுத்த தவணைக் கட்டணத்துக்கு இங்குள்ள கணக்கிலிருந்து பணம் மாற்றப் பார்த்தால் ஓடிபி வரவில்லை. சிம்மைப் போட்டான், டவர் இல்லை. எண் எப்போதோ முடக்கப்பட்டிருந்தது. வங்கியில் நேரில் வந்து எண் மாற்றச் சொன்னார்கள். நேரில் வர விமான டிக்கெட்டுக்கு எங்கே போவான்? அக்கா நகையை வைத்துத்தான் அந்தத் தவணை கட்டினார். நான் இதே தொழிலில் இருந்துகொண்டு புறப்படும் முன் அவனிடம் சொல்லாமல் விட்டேனே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

எண் ஏன் சாகிறது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் வைத்த விதிப்படி, ப்ரீபெய்டு எண்ணில் 90 நாளுக்கு எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நிறுவனம் அதை முடக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். முடக்கிய எண் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே:

புறப்படும் முன், வேலிடிட்டி நீளமான ரீசார்ஜ் போடுங்கள். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் தரும், ஒரு வருஷம் வரை ஓடும் பேக்குகள் இருக்கின்றன. அடுத்த ரீசார்ஜ் தேதியை வீட்டில் ஒருவரிடம் காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இங்கிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் எண்ணுக்குப் போடலாம்.

இன்டர்நேஷனல் ரோமிங்கை (ஊர் சிம் வெளிநாட்டு டவரிலும் வேலை செய்யும் வசதி) இந்தியாவில் இருக்கும்போதே ஆன் செய்யுங்கள். அங்கே போன பிறகு செய்ய முயன்றால் அதற்கே ஓடிபி கேட்கும், ஓடிபி வர ரோமிங் வேண்டும். ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை. அழைப்பை எடுத்தால்தான் காசு, அதிலும் டேட்டா ரோமிங் தெரியாமல் ஓடினால் பேலன்ஸ் கரைந்துவிடும். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, இரண்டாவது ஸ்லாட்டில் அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றி உறையில் போடாதீர்கள்.

எல்லாம் செய்தும் ஓடிபி வரவில்லை என்றால்: ஊர் சிம்முக்கு அந்த நாட்டில் ஏதாவது நெட்வொர்க் பெயர் காட்டுகிறதா பாருங்கள். காட்டவில்லை என்றால் தானியங்கித் தேர்வை நிறுத்தி, பட்டியலில் உள்ள நிறுவனங்களை ஒவ்வொன்றாகக் கையால் தேர்ந்தெடுங்கள். ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்காது, அடுத்ததோடு இருக்கும். நெட்வொர்க் காட்டியும் வரவில்லை என்றால் வேறு எண்ணிலிருந்து சாதாரண எஸ்.எம்.எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்தால் கோளாறு வங்கிப் பக்கம், வராவிட்டால் ரோமிங் பக்கம்.

சிலர் சிம்மை அம்மாவின் பட்டன் போனில் போட்டுவிட்டுப் போவார்கள். ஓடிபி வரும்போது அம்மா படித்துச் சொல்வார். இது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் "யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க" என்று நாமே சொல்லிவிட்டு, போனில் ஓடிபி சொல்வதை நாமே பழக்குகிறோம். நாளைக்கு மகன் குரலில் வேறொருவன் கேட்டால் அவர் என்ன செய்வார்? சிம் உங்களிடமே இருக்கட்டும்.

நிரந்தரமாக அங்கேயே இருக்கப் போகிறவர்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்குள்ள பணத்துக்கு வைப்பது) மாற்ற வேண்டும், சட்டமே அதுதான். அப்படி மாற்றும்போது வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், பல வங்கிகள் ஏற்கின்றன. யுபிஐ-யும் இப்போது வெளிநாட்டு எண்ணில் கிடைக்கிறது: என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது), என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கு 2023-ல் சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், சவுதி, எமிரேட்ஸ், பிரிட்டன் என்று பத்து நாட்டு எண்களோடு திறந்தார்கள். ஆதார் ஓடிபி-க்கு இந்திய எண் வேண்டும். அதற்காகவாவது ஊர் எண் உயிரோடு இருக்கட்டும்.

"வாட்ஸ்அப் எந்த எண்ணில் இருக்கட்டும்?"

பழைய எண்ணிலேயே விடலாம். வேறு சிம் போட்டதும் "எண்ணை மாற்றுகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழையதே ஓடும். ஆனால் ஊர் எண் செத்து இன்னொருவருக்குப் போனால், அவர் அதே எண்ணில் வாட்ஸ்அப் பதிவு செய்யும் நாளில் உங்களுடையது வெளியே தள்ளப்படும். இரண்டு-படி சரிபார்ப்பு பின் எண்ணை இன்றே வைத்துவிடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் புதிதாக நிறுவாமல் உள்ளேயே இருக்கும் "எண்ணை மாற்று" வழியில் போங்கள், குழுக்களும் பேச்சுகளும் கூடவே வரும்.

எமிரேட்ஸில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு மட்டும் இணையாது. அங்கே அதை அனுமதிப்பதில்லை, உங்கள் போனில் கோளாறு இல்லை. அனுமதி பெற்ற செயலிகள் சில உண்டு, அதில் ஒன்றை வீட்டிலும் ஏற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

"புது எண்ணில் யாரையோ கேட்டுக் கூப்பிடுகிறார்கள்"

உங்களுக்கு வந்தது பழைய எண். முன்பு வைத்திருந்தவரின் கடன்காரர், நண்பர், பள்ளிக்கூடம் எல்லாம் கூப்பிடும். நாலு பேரிடம் பொறுமையாகச் சொன்னால் குறையும். வாட்ஸ்அப் பதிவு செய்யும்போது தெரியாத பின் எண் கேட்டால் முந்தையவர் வைத்தது, ஏழு நாள் காத்திருந்தால் வழிவிடும். வங்கியில் இந்த எண்ணைக் கொடுக்கும் முன் ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். தொல்லை அதிகம் என்றால் எண் கொடுத்த கடையில் மாற்றிக் கேட்பது அப்போதுதான் சுலபம்.

"அம்மா எடுக்கவே மாட்டேங்கிறாங்க"

எடுக்காதது நல்லதுதான். வெளிநாட்டு எண்ணில் வரும் மோசடி அழைப்புகளைப் பற்றி அவரிடம் எச்சரித்திருக்கிறோம், இங்குள்ள நிறுவனங்களும் திரையில் "இன்டர்நேஷனல் கால்" என்று காட்டத் தொடங்கியிருக்கின்றன. தெரியாத + எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து நின்றால் திரும்பக் கூப்பிடக் கூடாது, காசு போகும். +1 என்றால் அமெரிக்கா என்று நம்பவும் வேண்டாம், கனடாவும் ஜமைக்காவும் அதே 1-இல்தான் வருகின்றன.

புது எண்ணை முதலில் பழைய வாட்ஸ்அப்பிலிருந்து குரல் செய்தியாகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் அதை + போட்டு உங்கள் பெயரில் சேமிக்கட்டும். அப்புறம் கூப்பிடுங்கள். பெயர் வந்தால் எடுப்பார். பாதிப் பேர் புது எண்ணிலிருந்து நேராகக் கூப்பிட்டுவிட்டு, "எடுக்கலை" என்று வருத்தப்படுகிறார்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேச வேண்டும், அந்த எண்ணை அம்மாவின் போனில் இப்போதே சேமித்துக் கொடுங்கள்.

வேலூருக்கு வந்திருப்பவர்கள்

கடைசியாக இதையும் எழுத வேண்டும். எங்கள் தெருவில் வெளிநாட்டுக்காரர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வரும் வங்கதேசத்துக் குடும்பங்கள்தான். அவர்களுக்கு வேலூர்தான் வெளிநாடு. பாஸ்போர்ட், விசா, தங்கியிருக்கும் லாட்ஜ் முகவரி கொண்டு வந்தால் சிம் பதிவு செய்யலாம். ஆஸ்பத்திரிப் பதிவுக்கும் லாட்ஜுக்கும் இந்திய எண் இருந்தால் வேலை சுலபம். விசா முடிந்தால் சிம்மும் முடியும் என்பதால் சிகிச்சை நீண்டு விசா நீட்டித்தவர்கள் சிம்மையும் கடையில் வந்து நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்கு ஊருக்குப் பேசுவதில் ஒரு குழப்பம் வரும். எண்ணை +88 என்று தொடங்கி, பிறகு 01 என்று எழுதுவார்கள். வங்கதேசத்தின் குறியீடு 880, அவர்கள் செல்போனில் முன்னால் வரும் ஜீரோவை எடுத்தால் 1. சேர்த்தால் +8801. அவர்கள் எழுதிய +88-ம் 01-ம் சேர்த்தாலும் அதே +8801 தான். ஆகவே எழுதியதை அப்படியே அடிக்கலாம். உதவி செய்கிறேன் என்று நாம் "நாட்டுக் குறியீடு 880, அப்புறம் உங்க எண் 01" என்று சேர்த்துப் போட்டால் ஒரு ஜீரோ கூடிவிடும், போகாது. போன மாதம் ஒரு பெரியவர் டாக்காவில் இருக்கும் மகளுக்கு அடித்து அடித்துச் சோர்ந்துபோய்க் கடைக்கு வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன், நடுவில் இரண்டு ஜீரோ அடுத்தடுத்து இருந்தது. ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.